எழுதினால்தான் கேட்கும்

செப்டம்பர் 9

டாக்டர் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், மாமா, வயிற்றில் இருப்பது என்று மூன்று பேரும் இங்கே சௌக்கியம். உன் முதுகு எப்படி இருக்கிறது? ஸ்ட்ரெச்சர் தள்ளும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு என்று அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் உனக்கு ஒருத்தரும் சொல்லித்தர மாட்டார்களா? துணி உருளை தூக்குகிற எங்களுக்கே சொல்லித்தந்திருக்கிறார்கள்.

எனக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை என்பதால் மாமா படுத்துகிற பாடு தாங்கவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனிதருக்கு வாய்த்த வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. நான் படியேறினால் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிறார். "எதுக்கு?" என்றேன். "விழுந்தா பிடிக்கத்தான்." "நான் விழுந்தா நீங்க அடியில மாட்டுவீங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது விஷயம். போன செவ்வாய் மில்லுக்கு ஒரு நர்ஸ் வந்தாள். இருபத்திரண்டாம் தேதி எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடப் போகிறார்களாம். என் வயிற்றைக் காட்டி ஏதோ சொன்னாள். போட்டுக்கொள் என்றாளா, கூடாது என்றாளா, தெரியாது. அவள் மாஸ்க் போட்டிருந்தாள். உதடு தெரியாவிட்டால் எனக்கு எதிரில் இருப்பவர் பேசவே இல்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். தறிச் சத்தம் பன்னிரண்டு வருஷமாக என் காதை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது உனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் முழுசாகத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிடுவான்.

மாமாவின் போனில் உன்னைக் கேட்கலாம். நீ அனுப்புவதை அவர் படித்துவிட்டு இரண்டு சைகையில் முடித்துவிடுவார். எனக்கு முழுசாக வேண்டும். நீ எழுதினால்தான் எனக்குக் கேட்கும். போடலாமா, கூடாதா? சீக்கிரம் எழுது.

முதுகைப் பார்த்துக்கொள்.
அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. ஆள் பழைய மாதிரிதான். உன் கால் வீங்குகிறதா? மாமாவின் கை வலிக்கிறதா?

நேராகச் சொல்கிறேன். போடாதே.

அந்த ஊசிக்குள் இருப்பதே ஃப்ளூ கிருமிதான். அதைக் கொஞ்சமாக உள்ளே விட்டுவிட்டு, வராமல் தடுக்கிறோம் என்கிறார்கள். எங்கள் கேன்டீன் சமையல்காரர் போன வருஷம் ஒரு காலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் படுத்தவர் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. என் கண்ணால் பார்த்தது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்களுக்குத் தலைவலி மாத்திரை கொடுக்கவே இங்கே பத்து தடவை யோசிக்கிறார்கள், உனக்கு எதற்கு ஊசி? ஃப்ளூ என்பது ஜலதோஷத்துக்குப் பெரியண்ணன், அவ்வளவுதான். வயசானவர்களுக்குச் சரி. நீ தறியோடு சண்டை போட்டு வளர்ந்த உடம்பு.

இன்னொன்று. என்னைப் போன்ற ஒப்பந்த ஆட்கள் ஒரு ஜோடி கையுறை கேட்டால் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தால் அடுத்த வாரப் பட்டியலில் பெயர் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் தட்டில் ஊசியை வைத்துக்கொண்டு "வாங்க வாங்க, இலவசம்" என்று வார்டு வார்டாகத் துரத்துகிறார்கள். எனக்கு அந்தப் பாசம் வேண்டாம்.

போட்டுக்கொண்டவர்களின் அடையாள அட்டையில் பச்சைப் பொட்டு ஒட்டுகிறார்கள். பொட்டு இல்லாதவர்கள் சீசன் முடியும்வரை மாஸ்க் போட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகத்தில் ஒரு பச்சை ஃபைல் அட்டையைப் பஞ்சிங் மெஷினில் வைத்து ஒரு குத்து. அச்சு அசலாகப் பொட்டு! பசை வைத்து ஒட்டிவிட்டேன்.

ஏழாம் படுக்கையில் மாதக்கணக்காக ஒரு பாட்டி இருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். நெஞ்சுச் சளி, மூச்சுத் தொல்லை. வார்டுக்குள் யார் வந்தாலும் அட்டையைப் பார்த்து "டிக்கெட் இருக்கா?" என்பார். பொட்டு இருந்தால் "சரி, உள்ள போ, வழியில நிக்காத." என் பொட்டையும் உற்றுப் பார்த்தார். "ஓசியில ஒருத்தனையும் ஏத்தினதில்ல நான். சரி, போ" என்றார். அவரையே ஏமாற்றிவிட்டேன்.

பத்திரமாக இரு.
உன் டாக்டர் (படித்தது: ஸ்ட்ரெச்சர் தள்ளுதல்)


செப்டம்பர் 30

டாக்டர் தம்பிக்கு,

காலில் கொஞ்சம் வீக்கம், மற்றபடி குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்திருக்கிறேன். அதற்குள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் வந்தாள், போனாள்.

என்னைத் தறியிலிருந்து மாற்றி, துணி சோதிக்கிற மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் துணி ஓடும், அறுந்த இழையைக் கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டாலும் தறிகளின் அதிர்வு மேசை வழியாகக் கைக்கு வரும். அந்தத் தாளத்துக்கு உள்ளே இருப்பது உதைக்கிறது. தறிக்காரியின் பிள்ளை இல்லையா!

மில்லில் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். "உன் தம்பி நெஜமாவே டாக்டரா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


அக்டோபர் 19

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் வீக்கமும் எப்படி?

டாக்டர் என்றே சொல்லிக்கொள். இங்கே சட்டை கசங்காத டாக்டர்கள் படுக்கைக்கு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, தூக்குவது, துடைப்பது, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் நான். அந்தப் பட்டத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

வார்டில் இருமல் ஆரம்பித்துவிட்டது. கண்டக்டரம்மாவுக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன். "பொம்பளப் பிள்ளைதான், எழுதி வெச்சுக்கோ. என் பஸ்ல பொறந்ததே ரெண்டு" என்றார். வாழ்க்கையில் முதல் பயணமே டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் என்று அவர்களை மட்டும் விட்டுவிட்டாராம்.

பதில் போடு.
டாக்டர்


நவம்பர் 16

அக்காவுக்கு,

நலம்தானா? ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மாமாவின் போனுக்கு நாலு தடவை அனுப்பினேன். "எல்லாம் சரி, வேலை அதிகம்" என்று ஒரே பதிலை நாலு தடவை அனுப்பியிருக்கிறார். லிஃப்ட் மாதிரி நின்றுவிட்டாரா? கையெழுத்து மட்டுமாவது போட்டு அனுப்பு.

தம்பி


டிசம்பர் 1

தம்பிக்கு,

நான் இப்போது நலம். 'இப்போது' என்பதை எழுதிய பிறகு அழிக்கப் பார்த்தேன். பேனாவில் எழுதியது, போகவில்லை. அப்படியே இருக்கட்டும். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

அக்டோபர் கடைசியில் காய்ச்சல் வந்தது. ஜலதோஷம் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் வீட்டிலேயே படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை மூச்சு இழுக்க முடியவில்லை. மாமா மூன்று மாடியும் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஃப்ளூ, நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்களாம். எனக்கு எதுவும் கேட்கவில்லை, அங்கே எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். நவம்பர் நாலாம் தேதி பிள்ளையை வெளியே எடுத்துவிட்டார்கள். எட்டாம் மாதம். பெண். ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். என் கைக்கடிகாரம் அவள் தொடையைச் சுற்றி வரும். உன் கண்டக்டரம்மாவிடம் சொல், அவர் சொன்னதுதான் நடந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்று எழுதினாய் அல்லவா, அந்தக் கடிதம் வருவதற்குள்ளேயே ஊசி போட்டுவிட்டார்கள். இருபத்திரண்டு என்று சொன்னவர்கள் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டார்கள். நானும் கையை நீட்டிவிட்டேன். அதனால் நீ எழுதியதற்கும் எனக்கு வந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா


டிசம்பர் 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் துணி துவைக்கிற அறையில் நின்றுகொண்டே படித்தேன். அப்படியே அழுக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இப்போது மூச்சு சரியாக வருகிறதா? குட்டி எத்தனை கிராம் ஏறியிருக்கிறாள்?

நான் சொன்னேனா இல்லையா அக்கா! ஊசிதான் உன்னைக் கெடுத்தது. போட்டார்கள், வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். சலவை அறை அக்காவும் சமையலறையில் இருவரும் ஊசி போடப் பெயர் கொடுத்திருந்தார்கள், அடித்துவிட்டார்கள். தலைமை நர்ஸிடமே போய், "எங்க அக்காவுக்கு என்ன ஆச்சு தெரியுமா? உங்க ஊசியால பிள்ளை கண்ணாடிப் பெட்டியில கெடக்கு" என்று கத்தினேன். அந்தம்மா கோபப்படவில்லை. "எந்தத் தேதி போட்டாங்க? எந்தத் தேதி காய்ச்சல் வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை விடப்போவதில்லை. உங்கள் மில் மேல் சுகாதார அலுவலகத்துக்கு மனு எழுதுகிறேன். ஊசி போட்டதற்கு ஒரு கார்டு கொடுத்திருப்பார்கள். அதில் எண் இருக்கும். உடனே அனுப்பு.

தம்பி


டிசம்பர் 19

தம்பிக்கு,

நான் தேறிவிட்டேன். குழந்தை ஒன்பதாம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டாள். பாலைக் குழாயில் இருந்து ஸ்பூனுக்கு மாற்றியிருக்கிறார்கள். உனக்கு இருமல் ஏதும் இல்லையே?

கார்டு தொலைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் எங்கேயோ போய்விட்டது. மனு எல்லாம் வேண்டாம். மில்லில் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லாதே. சலவை அறை அக்காவிடமும் சொல்லாதே. சொன்னதைக்கூட இல்லை என்று சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அவள் தும்மினால் மாமா தூக்கிவாரிப் போட்ட மாதிரி எழுந்து நிற்கிறார். அவ்வளவு சின்னத் தும்மல், எனக்குக் கேட்காது. மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அக்கா


ஜனவரி 7

அக்காவுக்கு,

குட்டி எப்படி? நீ எப்படி? எனக்கு நாலு நாளாக இருமலும் உடம்பு வலியும். இன்று பரவாயில்லை. வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, பட்டியலில் பெயர் போய்விடும்.

நீ பயப்படுகிறாய் என்று தெரிகிறது. பயந்து பயந்துதான் நம்மை இந்த நிலையில் வைத்திருக்கிறார்கள். மனுவை எழுதி முடித்துவிட்டேன். கார்டு இல்லாவிட்டாலும் மில் பதிவேட்டில் உன் பெயர் இருக்கும், தேடச் சொல்லிக் கேட்கலாம். மாமாவின் போனுக்கு மனுவைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் சரி என்றால் இருபதாம் தேதி நேரிலேயே வந்து கொடுத்துவிட்டு, குட்டியையும் பார்த்துவிட்டுப் போகிறேன்.

கண்டக்டரம்மாவுக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் கேட்பதில்லை.

தம்பி


ஜனவரி 14

மச்சானுக்கு,

உன் மாமா எழுதுகிறேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். போனில் பேசினால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தி யோசிக்க முடிகிறது.

மனுவைப் பார்த்தேன். அதை அனுப்பாதே. பதிவேட்டில் உன் அக்கா பெயர் இருக்காது. கார்டு தொலையவில்லை, கார்டே கிடையாது. அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டாம் தேதிதான் வந்தார்கள், சொன்ன தேதியில். உன் கடிதம் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. மதியம் தறி நிற்கிற நேரத்தில் அதை உரக்கப் படித்திருக்கிறாள். "என் தம்பி ஆஸ்பத்திரியில டாக்டர், அவன் சொல்றான்" என்றிருக்கிறாள். அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் வரிசையிலிருந்து விலகிவிட்டார்கள். அதில் நாலு பேர் படுத்தார்கள். நூல் சுற்றுகிற ஒருத்திக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

உனக்கு வலிக்கக் கூடாது என்று உன்னிடம் பொய் எழுதியிருக்கிறாள். நீ அந்தப் பொய்யை மனுவாக எழுதியிருக்கிறாய். படத்தைக் காட்டினேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கும் பங்கு இருக்கிறது. நானும் உன்னைத்தான் நம்பினேன். உனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நம்பினேன்.

இருபதாம் தேதி வராதே. இருமல் என்று எழுதியிருக்கிறாய். இருமல் இல்லாவிட்டாலும் இப்போது வராதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


ஜனவரி 29

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு எந்த முகமும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? அவள் எப்படி இருக்கிறாள்?

கண்டக்டரம்மா பதினோராம் தேதி போய்விட்டார். ஃப்ளூ. நான்தான் கொண்டுபோனேன் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. நான் இருமிய நாட்களில் மாஸ்க் இல்லாமல்தான் அவரைத் தூக்கினேன். பொட்டு இருந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப்போனேன். வியர்வையில் பொட்டு பாதி கழன்று தொங்கியது. லிஃப்டுக்குள் அவர் அதைப் பார்த்தார். கையை நீட்டி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டார். "விழுந்துடப் போவுது. டிக்கெட்டைத் தொலைச்சா எறக்கி விட்ருவாங்க" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். போன கடிதத்தில் இதை எழுதவில்லை. எழுத முடியவில்லை.

மாமாவின் கடிதம் வந்த அன்றே தலைமை நர்ஸிடம் போனேன். பொட்டைப் பிய்த்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஃபைலின் பழுப்பு. மனுவையும் காட்டினேன், அக்கா ஊசியே போடவில்லை என்று சொல்லிக் கிழித்துப் போட்டேன்.

"அதனாலதான் அன்னைக்குத் தேதி கேட்டேன்" என்றார். "ஊசியில இருக்கறது செத்த கிருமியோட துண்டு. அது எழுந்து நடக்காது. கை வலிக்கும், ஒருநாள் ரெண்டுநாள் உடம்பு லேசா சுடும். அவ்வளவுதான்."

"சமையல்காரர்?"

"அவர் அதுக்கு முந்தின நாளே இருமிக்கிட்டு இருந்தாரு. ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்."

"கர்ப்பிணிக்கு?"

"வரிசையில முதல் ஆளே அவங்கதான். அம்மாவுக்குப் போட்டா வயித்துல இருக்கறதுக்கும் போய்ச் சேரும். பொறந்தப்புறம் ஆறு மாசம் வரைக்கும் குழந்தைக்கு நேரா போட முடியாது."

"போட்டா வரவே வராதா?"

"வரலாம். வந்தாலும் மூச்சு வரைக்கும் போறது குறையும். அதுக்கு மேல சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

"இதையெல்லாம் ஏன் எங்ககிட்ட முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன். அப்போதும் என் குரலில் திமிர் இருந்தது.

"சுவத்துல ஒட்டியிருந்தோம். நீ அதுமேல சாஞ்சு நின்னுதான் டீ குடிப்ப."

அக்கா, கையுறை கேட்டால் முறைப்பது நிஜம். காய்ச்சலில் படுக்க முடியாததும் நிஜம். அந்தக் கோபத்தை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அதைக் காட்ட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஊசியின் மேல் காட்டினேன். தெரியாது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். யாரையாவது கேட்டு எழுதியிருக்கலாம், தலைமை நர்ஸ் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நீ டாக்டர் என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

சலவை அறை அக்காவிடமும் சமையலறையிலும் போய் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர், "ரெண்டு மாசம் கழிச்சு வர்றியா?" என்றார். பட்டியலில் என் பெயரை ஒரு மாதத்துக்கு எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். நேற்று ஊசி போட்டுக்கொண்டேன். கை வலிக்கிறது. அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. முதல் கடிதத்தைப் படித்த அதே இடத்தில், அதே ஆட்களுக்கு இதையும் படி. நான் டாக்டர் இல்லை. வண்டி தள்ளுகிறவன். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன். அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. இதை அப்படியே படி.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நான் நலம். குழந்தை மூன்று கிலோவைத் தாண்டிவிட்டாள். இப்போது தும்மினால் எனக்கே தெரிகிறது, நெஞ்சில் இடிக்கிறது. கை வலி போய்விட்டதா?

போன வெள்ளி, குழந்தையை மாமாவிடம் விட்டுவிட்டு மதியம் மில்லுக்குப் போனேன். தறி நின்ற பிறகு, அன்று நின்ற அதே இடத்தில் நின்று படித்தேன். என் குரல் எவ்வளவு உரக்க இருந்தது என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான், அப்படியென்றால் போதுமான சத்தம்தான். நூல் சுற்றுகிறவள் வந்திருந்தாள். பாதியில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் மீதியைப் படித்து முடித்தேன்.

நீ எழுதியதில் ஒரு வரியை மட்டும் படிக்கவில்லை. அக்கா மேல் தப்பில்லை என்ற வரி. அதற்குப் பதிலாக என்னுடையதைச் சொன்னேன். அந்த நர்ஸ் என் எதிரில்தான் நின்றாள். "எனக்குக் காது கேக்கல, மாஸ்க்கை எறக்கிட்டுச் சொல்லுங்க" என்றால் முடிந்திருக்கும். வெட்கப்பட்டேன். எட்டு வருஷம் காத்திருந்த பிள்ளையைவிட அந்த வெட்கம் எனக்குப் பெரிசாக இருந்தது. அதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மேஸ்திரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வருகிற திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறான். எதற்கு என்று தெரியாது. தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மாமா இன்னும் உன் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் நேற்று வாசல் பக்கம் ஒரு வாளித் தண்ணீரும் புது சோப்பும் வைத்தார். யாருக்கு என்று கேட்டேன். "யாராவது வந்தா" என்றார். நீ ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. இருமல் இல்லையென்றால் வா. கையைக் கழுவிவிட்டு உள்ளே வா.

திங்கட்கிழமைக்கு முன்னால் இன்னொன்றும் செய்தேன். நேற்று குழந்தையை எடைபோடப் போனேன். அங்கேயும் ஒரு நர்ஸ், மாஸ்க் போட்டவள். ஏதோ சொன்னாள். தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டேன். "எனக்குக் காது கேக்காதும்மா. எழுதிக் காட்டுங்க" என்றேன். அவள் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொடுத்தாள்: 'நீங்கள் இப்போதும் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கத் தடையில்லை. வீட்டில் குழந்தையைத் தூக்குகிற எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது.' நானும் வெளியே நின்றிருந்த மாமாவும் அங்கேயே போட்டுக்கொண்டோம்.

அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து இல்லை. ஆனாலும் எனக்கு முழுசாகக் கேட்டது.

அக்கா